ஏற்றி நின்ற லொறி

வெள்ளை விரிப்பு எந்தப் பெட்டிக்குள் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. காலையில் இறந்துபோன வாப்பாவின் மையித்தை மூட ஒரு விரிப்பு வேண்டும். அஹ்னாப் லொறிக்குள் ஏறி, நேற்று ஒட்டிய டேப்பையெல்லாம் கத்தியால் கிழித்துக்கொண்டிருந்தான். ஒரு பெட்டியில் சட்டிகள். அடுத்ததில், கடையை மூடியபோது வாப்பா விட மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்த சைக்கிள் மணிகள். பெட்டியை நகர்த்தியதும் அத்தனையும் சேர்ந்து கிணுகிணுத்தன.

உள்ளே, வெறும் மெத்தையில் கிடந்த கணவர் இப்திகாரின் பக்கத்தில் ருக்கியா உட்கார்ந்திருந்தாள். அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்? கட்டுகஸ்தோட்டைக் குளிர் முழங்காலைப் பிடிக்கிறது, தெஹிவளைக்கு மகனிடம் போவோம் என்று வருஷக்கணக்காய் நச்சரித்தவள் அவள். அவரோ பிடித்த பிடியை விடாதவர். “அடுத்த பெருநாள் போகட்டும்” என்பார். அந்தப் பெருநாளும் போகும். இந்த வருஷம்தான் ஒருவழியாகத் தலையாட்டினார். வீட்டை விற்று, சாமான் கட்டி ஏற்றும் கம்பனிக்காரர்களையும் பிடித்தார்கள்.

நேற்று முழுக்க அவர்கள் பின்னாலேயே திரிந்தார். கண்ணாடிக் கோப்பைகளைக் குமிழித்தாளில் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, “அப்பிடியே என்னயும் சுத்துங்க தம்பி, தெஹிவள போற வரைக்கும் ஒடயாம ஈப்பேன்” என்று அவர்களைச் சிரிக்கவைத்தார். இன்று விடியலில் சுபஹு தொழுதுவிட்டு மெத்தையில் சாய்ந்தவர் பிறகு எழும்பவில்லை. வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது.

பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவை எடுத்துப்போனார்கள். அடக்கிவிட்டு வந்த அஹ்னாப், கால் கழுவிய ஈரத்தோடு உம்மாவின் முன்னால் குந்தினான்.

“உம்மா, லொறி காலைல இருந்து நிக்கிது. சாமான முன்னுக்கு அனுப்பிட்டு நாங்க கார்ல போவம். இத்தாவ அங்க ஈக்கலாம்.”

“அவர் மௌத்தானது இந்த வீட்டுல மகன். இத்தா நாலு மாசம் பத்து நாளும் வாசல் தாண்டாம நான் இங்கதான் ஈப்பேன்.”

“இது இப்ப எங்கட வீடில்லயே உம்மா. வெள்ளிக்கெழம சாவி குடுக்கணும். வேற வழியில்லாட்டி எடம் மாறலாம்னு மௌலவியும் சொன்னார்.” கொஞ்சம் தயங்கினான். “போவம் போவம்னு நின்டது நீங்கதானே?”

“ஓ, நான்தான்” என்றாள் ருக்கியா. “அவரோட போகத்தானே கேட்டேன்.”

அஹ்னாப் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெண்களுக்கு நடுவில், வீட்டை வாங்கியவரின் மனைவி கைரியாவும் இருந்தாள். செய்தி கேட்டுத் தெல்தெனியவிலிருந்து முகம் பார்க்க வந்தவள், ஓதிக்கொண்டிருந்த யாஸீனை மூடிவைத்துவிட்டு ருக்கியாவின் கையைப் பிடித்தாள்.

“ராத்தா, சாவி ஒங்கட கையிலயே ஈக்கட்டும். இத்தா முடிஞ்சி தாங்க. இன்னம் கொஞ்ச நாள் தெல்தெனியவுல ஈந்தா எங்களுக்கென்ன கொறஞ்சா போகும்? எங்கட ஆளுக்கு நான் சொல்லிக்கிறேன்.”

அப்போதுதான் ருக்கியாவுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராததெல்லாம் சேர்ந்து வந்தது. அஹ்னாப் எழுந்து லொறிப் பக்கம் போய், சாமானை இறக்கச் சொன்னான்.

சாமான் இறங்கத் தொடங்கியது. ருக்கியா உள்ளறையில் கதவை ஒருச்சாய்த்து உட்கார்ந்தாள். இத்தா முடியும்வரை இனி வெளியாண்கள் கண்ணில் படக்கூடாது. காதால் மட்டும் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமான் இறக்குகிறவர்களின் தலைவன் ரமேஸ், கண்டி மஹய்யாவக்காரன், கதவுக்கு வெளியே நின்று கேட்டான்.

“அம்மா, அலுமாரிய எங்க வைக்கிறதுங்க?”

“செவத்துல அடையாளம் ஈக்கும் பாருங்க.”

“ஆமாங்கம்மா, இருக்கு.”

இல்லாமல் எங்கே போகும்? கலியாணம் முடித்த அடுத்த கிழமை கண்டியிலிருந்து கைவண்டியில் வந்த அலுமாரி. பாலத்தில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. இப்திகார் சட்டையைக் கழற்றி அதன் கண்ணாடியை மூடிவிட்டு, வெறும் மேலோடு வண்டிக்குப் பக்கத்தில் நடந்தார். புதுப் பெண்சாதி வெட்கம் தாங்காமல், யாரோ எவரோ என்று பத்தடி பின்னால் வந்தாள். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு! அன்று வைத்த இடத்தைவிட்டு அது நேற்றுத்தான் அசைந்தது.

ஒவ்வொன்றும் தன் தடத்தைக் கண்டுபிடித்து அமர்ந்தது. கட்டிலுக்குத் தரையில் பள்ளம், ஃபிரிட்ஜுக்குத் துரு வட்டம், கடிகாரத்துக்கு ஆணி. ரமேஸ் மறுபடி கதவருகே வந்து தொண்டையைச் செருமினான்.

“அம்மா, முதலாளியோட சாய்மானக் கதிரைக்கு மட்டும் ஒரு அடையாளமும் காணலங்க. எங்க வைக்க?”

அது எங்கே ஓரிடத்தில் நின்றது? காலையில் வெயில் விழும் முன்வாசல், பகலில் ஃபேனுக்குக் கீழே, சாயங்காலம் அஸருக்குப் பிறகு தேநீர் கேட்டுக் குசினி வாசல் என்று நாள் முழுக்கத் தரையில் கிறீச்சிட இழுத்துக்கொண்டு திரிவார். காது போகிறது என்று அவள் கத்தாத நாளில்லை.

“அஸர் பாங்கு சொல்லியாச்சா?” என்று கேட்டாள்.

“இப்பத்தாங்கம்மா சொன்னாங்க.”

“அப்ப குசினி வாசல்ல வைங்க.”

பழகின கைகள். இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள். சத்தமே வரவில்லை.