காசு கொடுத்துக் காய் எடுத்தவள்

ஒரு குடம் தண்ணீர் தூக்கச் சொன்னால் இடுப்பு வலிக்கிறது என்கிற சுஜிதா, தன் இடுப்பு உயரப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வியட்நாமுக்குப் போயிருந்தாள். கூட, சென்னையில் அவளோடு வேலை பார்க்கிற இரண்டு பெண்கள். அவளுடைய அம்மா அன்னக்கொடிக்கு இது ஒரு விதத்திலும் விளங்கவில்லை. ஊர் சுற்ற வேண்டுமென்றால் நல்ல ஓட்டலில் தங்கிச் சுற்ற வேண்டியதுதானே? முன்பின் தெரியாத பத்துப் பேரோடு ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் படுப்பதும், நூடுல்ஸில் அம்மா இடித்துக் கொடுத்த பருப்புப்பொடியைத் தூவித் தின்பதும், துவைத்த துணியைப் பைக்கு வெளியே தொங்கவிட்டுக் காயவைத்துக்கொண்டே நடப்பதும் என்ன உல்லாசம்? "பஞ்சம் பொழைக்கப் போன சனம் மாதிரியில்ல இருக்குதுக" என்பாள், வந்த படங்களைப் பார்த்து. ஆனால் அந்தப் படங்களை ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

அன்னக்கொடி ராசிங்காபுரத்துக்காரி. விடிவதற்கு முன்னால் மொக்கச்சாமியின் ஜீப்பில் ஏறி, மலையேறிப் போடிமெட்டைத் தாண்டி, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு இருட்டும்போது வீடு திரும்புவாள். புருஷன் போன பிறகு மகளைப் படிக்கவைத்தது அந்த வேலைதான்.

மகள்மேல் அவளுக்கு ஒரே ஒரு மனத்தாங்கல் உண்டு. சுஜிதா படித்துக்கொண்டிருந்தபோது ஒருமுறை, ஜீப்பை விட்டு இறங்கிய கையோடு, தலைத்துண்டும் ஏலச்செடி வாசமுமாகக் காலேஜ் விடுதிக்குப் போய் நின்றாள். "யாருடி இது?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "ஊர்ல இருந்து வந்திருக்காங்க" என்றாள் சுஜிதா. பொய் ஒன்றும் இல்லை, ஊரிலிருந்துதான் போயிருந்தாள். ஆனாலும் அந்தச் சொல் அன்னக்கொடியை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து மகள் வீடியோவில் கூப்பிட்டால் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, ஆளில்லாத இடமாகப் போய் நின்றுதான் பேசுவாள். தன்னை அம்மா என்று சொல்லப் பிள்ளைக்கு இன்னமும் வெட்கமா என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டும். கேட்கத்தான் பயம்.

அன்றைக்கு மத்தியானம், காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலில் எல்லாரும் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. அன்னக்கொடி எழுவதற்குள் பக்கத்திலிருந்த சந்திரவல்லி திரையைத் தொட்டுவிட்டாள். "இருங்க மதினி, நாங்களும் வியட்நாமைப் பாக்குறோம்."

திரையில் பெரிய பெரிய இலைகள். அவற்றின் அடியில் கூடையும் கையுமாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள் சுஜிதா.

"ஏலக்காய் எடுக்குறோம்மா! இங்கயும் இருக்கு, நம்மூருக் காயவிடப் பெருசு. நாங்க தங்கியிருக்குற வீட்டுத் தோட்டம். ஒரு நாள் வேலை பாக்கலாம்னாங்க, அதுக்குத் தனியாக் காசு."

"பரவால்லையே, எவ்வளவு குடுக்குறாங்க?"

"அவங்க இல்லம்மா, நாங்கதான் குடுத்திருக்கோம்."

ஸ்டோர் வாசல் சிரிப்பில் கலகலத்துப்போனது. சந்திரவல்லிக்குப் புரையேறிவிட்டது. "நம்ம ஓனரு காதுல விழுந்துறாம! நாளைக்கு நம்மகிட்ட வசூல் பண்ணுவாரு" என்றாள் இருமிக்கொண்டே. அன்னக்கொடியும் விடவில்லை. "லீவுல ஒரு நாள் தோட்டத்துக்கு வாடின்னா, அட்டை கடிக்கும்னு சொன்னவதானே நீ!" அந்தக் கும்மாளத்தில் தலைத்துண்டை அவிழ்க்கவே மறந்துபோனாள். அவள் கண் நேராகக் கூடைக்குள் போனது. காயெல்லாம் செக்கச்செவேலென்று கிடந்தது.

"அடிப்பாவி, இப்படியா பழுக்க விடுவாக? வெடிச்சு வீணாப் போகுமே! பச்சையில எடுக்கணும்டி. பச்சையா இருக்குறத வெரசா எடுங்க, ஒண்ணு விடாதீங்க!"

சுற்றியிருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். காய் விஷயத்தில் அன்னக்கொடி சொன்னால் அந்தத் தோட்டத்தில் மறுபேச்சு கிடையாது. வியட்நாமிலும் கிடையாது. மூன்று பெண்களும் சிவப்பை விட்டுவிட்டுப் பச்சையாகத் தேடித் தேடிப் பறிக்க ஆரம்பித்தார்கள்.

சாயங்காலம் ஜீப்பில் ஏறப்போகும் நேரத்தில் மறுபடி அழைப்பு வந்தது. சுஜிதாவின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"அம்மா, எல்லாம் தப்பாப் போச்சு. இது வேற ரகமாம், செவந்தாத்தான் எடுக்கணுமாம். பச்சையில எடுத்தது ஒண்ணுத்துக்கும் ஆகாதாம். மூணு கூடைம்மா! அந்த வீட்டம்மா கத்துறாங்க, எவ சொன்னான்னு."

அன்னக்கொடிக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. கண்காணாத தேசத்தில் ஒருத்தியின் விளைச்சலைக் கெடுத்தாகிவிட்டது. அதைவிட, மகளைக் கூட்டாளிகள் முன்னால் தலைகுனிய வைத்தாகிவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டாள்.

"ஊர்க்காரி எவளோ தெரியாமச் சொல்லிட்டான்னு சொல்லிரு ஆத்தா. என்னையச் சொல்லாத."

"சொல்லிட்டேனே! எங்கம்மாதான் சொன்னாங்க, அவங்க காய் எடுக்குறவங்கன்னு. நீ என்ன வேலை பாக்குறேன்னு இவளுகளுக்குச் சென்னையிலயே தெரியும்மா. அதனாலதான் நீ சொன்னதும் நம்பிப் பறிச்சாளுக. இரு, அந்தம்மா உன்கிட்டதான் பேசணும்கிறாங்க."

திரையில் அந்த வீட்டுக்காரி வந்தாள். வணக்கமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஒரு பிடி பச்சைக்காயைக் கேமராவுக்கு நேராக நீட்டிக்கொண்டு பொரிந்து தள்ளினாள். ஒரு சொல்கூட விளங்கவில்லை, ஆனால் அத்தனையும் புரிந்தது. பிஞ்சைப் பறிக்கிற புதுப் பெண்களை அன்னக்கொடி இதே மாதிரிதான் வாங்கு வாங்கென்று வாங்குவாள். "ஆமா தாயி, என் தப்புதான்" என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

மொக்கச்சாமி ஹாரனை அழுத்தினார். ஜீப்புக்குள்ளிருந்து சந்திரவல்லி எட்டிப் பார்த்தாள். "யாரு மதினி, இந்தப் போடு போடுறா?"

"என்னையத்தான் திட்டுறா. சுஜிதாவோட அம்மாவத் திட்டுறா" என்றாள் அன்னக்கொடி. அவள் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "வண்டியக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லு. அவ திட்டி முடிக்கட்டும்."