விரிசல் குடியிருந்த கோப்பை

எழுந்ததும் பல் துலக்குவான், பால் பாக்கெட்டை வெட்டுவான், தேநீர் வைப்பான், பிறகு கோப்பையில் விரிசல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பான். பெரும்பாலும் கைப்பிடிக்குக் கீழே இருக்கும். சில நாள் வெளியே போயிருக்கும்.

அவன் மனைவிக்குப் பீங்கான் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. தட்டுகளை இயந்திரத்தில் வைத்து உடைத்து, உடைந்த துண்டை நுண்ணோக்கியில் பார்த்து, விரிசல் எந்த இடத்தில் கிளம்பியது என்று சொல்வாள். உடைக்கிற அக்கா என்று அங்கே பெயர். வீட்டில் உடைப்பது அவன் பொறுப்பு. அதனால் அவனுக்கென்றே ஒரு கோப்பை செய்தாள். பொடியை நைசாக அரைத்தாள், சூளையில் தேவைக்கு மேல் விடவில்லை. விட்டால் உள்ளிருக்கும் துகள்மணிகள் பக்கத்து மணிகளைத் தின்று பருத்துவிடும், விரிசலுக்குக் கொண்டாட்டம் என்பாள்.

“மணி பொடிப்பொடியா இருந்தா, விரிசலுக்கு சொந்தக்காரங்க கூட்டத்துல மாட்டின ஆள் கதைதான். ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு, திரும்பித் திரும்பிப் போகணும். பாதியிலயே அலுத்துடும்.”

ஒரே ஒரு காற்றுக்குமிழி அவள் கண்ணுக்குத் தப்பியிருந்தது. அவள் இறந்த மாதம் விரிசல் அங்கிருந்து கிளம்பியது. அவள் கையால் செய்தது என்று வீட்டில் வேறெதுவும் இல்லை. அடியை எட்ட ஒரு விரலகலம் இருக்கும்போது விரிசலுக்கு நிஜமாகவே அலுத்துவிட்டது. கோப்பையை விட்டு இறங்கி, மேசையைக் கடந்து, சுவரில் ஏறியது. சுவரில் பருமணல், போக்குவரத்து சுலபம்.

பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டினார்.

“தம்பி, உங்க வீட்டு விரிசல் எங்க சமையல்கட்டுக்கு வந்திருக்கு. கொஞ்சம் கூப்பிட்டுக்கோங்க. வாஷ்பேசின்ல ஏறப் பாக்குது.”

அங்கேயே விட்டுவிட்டால் கோப்பை பிழைக்கும். ஆனால் அவர்கள் வாஷ்பேசின் புதிது. அவன் கோப்பையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தான்; விரிசல் ஏறிக்கொண்டது. அன்றிலிருந்து உலாவப் போகும், வரும். கோப்பை ஒழுகவில்லை.

கேள்விப்பட்டு தொழிற்சாலை மேலாளர் வந்தார். கோப்பையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கடைசியா உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருப்பாங்களே. கலவை, சூடு, அப்படி?”

“சூட்டைப் பத்திதான் சொன்னா,” என்றான்.

மேலாளர் பேனாவை எடுத்தார். அவன் கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டான். தொழிற்சாலையில் இப்போது அவள் படத்துக்குக் கீழே, அவள் சொன்னதாக, உறுதியைப் பற்றி ஒரு வாசகம் இருக்கிறது. அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை.

தினமும் குடித்து முடித்ததும் கோப்பையைத் தானாக ஆறவிடுகிறான். விரிசலும் அசையாமல் காத்திருக்கிறது. பிறகு வெதுவெதுப்பான நீரில் இருவரையும் கழுவுகிறான். அறுவைசிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் தலையைத் திருப்பிச் சொன்னது இதுதான்:

“கோப்பையை சூட்டோட பச்சைத்தண்ணியில போட்டுடாத.”