கிழிசலுக்கு ஒரு காஜா

அந்த வீட்டில் கிழிந்ததை யாரும் கிழிந்தபடி விட்டுவைத்ததில்லை. வீடு என்று பேர்தானே தவிர, முன்னறை முழுக்கக் கடை. பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது, இஸ்திரி சுட்ட இடத்தில் இழையோட்டுவது. அம்மாவுக்கு ஒரு மெஷின், சித்திக்கு ஒரு மெஷின். எப்போது கிடைக்கும் என்று யார் கேட்டாலும் அம்மா தலையைத் தூக்காமல் "செவ்வாய்க்கிழமை" என்பாள். செவ்வாய்க்கிழமையே வந்து கேட்டாலும் அதே பதில்தான்.

இரண்டு மெஷினும் மூச்சு வாங்க ஓடி ஒரு பெண்ணைப் படிக்க வைத்தன. எலக்ட்ரானிக்ஸ். பரம்பரையில் அதற்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர் யாருமில்லை என்பதால், வீட்டில் அவளுக்குப் பேரே டிகிரி ஆகிப்போனது. "டிகிரி, பக்கெட்டை எடு." "டிகிரி, ஃபேன் முனகுது, என்னன்னு பாரு." அது நான் படித்த படிப்பில்லை என்று அவள் முறைத்தால், "பின்ன எதைத்தான் படிச்ச?" என்பாள் சித்தி. கேள்வியில் நியாயம் இருந்தது. அதனால்தான் கோபம் இன்னும் பொத்துக்கொண்டு வந்தது.

வேலையும் கிடைத்திருந்தது, ஒரு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில். அங்கே சர்வீஸ் பெயர்ப்பலகையோடு சரி. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, மிக்சியையும் டிவியையும் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம், "அந்த மாடலுக்கு பார்ட்ஸ் வராதுங்க, புதுசா வாங்கிக்கோங்க" என்று சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். திருப்புளியைத் தொட்டால் மேலதிகாரிக்கு முகம் சுண்டிவிடும்.

நாள் முழுக்கச் சொன்ன அந்த வாக்கியம் ஒருநாள் வீட்டுக்கு வரும் வழியில் வாயில் ராகமாக வந்து நின்றது. அதை வைத்து ஒரு பாட்டுப் போட்டாள். "பார்ட்ஸ் வராது, பார்ட்ஸ் வராது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பாடுகிற பாட்டு.

பாட்டு இருந்தது, கிட்டாரும் இருந்தது. ஆம்ப்ளிஃபயர்தான் இல்லை. அது இன்னொருத்தனிடம் இருந்தது.

அந்த இன்னொருத்தன் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் மகன். மூன்று பேர் இசைக்குழுவில் அவன் ஒரு கிட்டார், இவள் ஒரு கிட்டார், டிரம்ஸுக்கு இவளோடு கல்லூரியில் படித்த தோழி. பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே அவன் அப்பாவின் கோடவுனில்தான் பயிற்சி. ஒரே ஆம்ப்பில் இரண்டு கிட்டாரையும் சொருகுவார்கள். குமிழ்கள் அவன் கைக்கு எட்டுகிற பக்கம் இருக்கும். இவள் சத்தம் ஏற ஏற அவன் விரல் தானாக அங்கே போய்வரும். கடைசியில் இவள் வாசிப்பது இவளுக்கே கேட்காது.

சனிக்கிழமை சாயங்காலம் பஸ் டிப்போ பக்கத்து ஹாலில் வாசிக்க வாய்ப்பு வந்திருந்தது. இவள் தன் பாட்டைச் சொன்னாள். ஆம்ப்காரன் சிரித்தான்.

"இது பாட்டா, புகாரா?"

"ரெண்டும்தான். உனக்கென்ன?"

"எனக்கொண்ணுமில்ல. ஆனா ஆம்ப் என்னோடது. உனக்குன்னு ஒண்ணு கொண்டு வா. டிரம்ஸைத் தாண்டி கேட்டுச்சுன்னா உன் பாட்டையே வாசிப்போம். இல்லன்னா எப்பவும் போல பின்னால நின்னு தட்டு."

"வாக்கு மாற மாட்டியே?"

"சத்தியம். சாட்சிக்கு டிரம்மர் இருக்கா."

தோழி குச்சியால் ஒரு தட்டுத் தட்டிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்தவளின் கண் நேராகக் கடை அலமாரியின் உச்சிக்குப் போனது. அங்கே ஒரு பழைய வால்வு ரேடியோ, மரப்பெட்டி, வாயை மூடி வருஷக்கணக்காகிவிட்டது. அளவு அட்டைகள் சரியாமல் இருக்க முட்டுக் கொடுப்பதுதான் அதற்கு உத்தியோகம்.

"அதையா? எடுத்துக்கோ," என்றாள் அம்மா. "ஆனா முட்டுக்கு வேற ஏதாவது வெச்சிட்டுப் போ."

"ரேடியோவைக் கொன்னு கிட்டாருக்குப் படைக்கப் போறா," என்றாள் சித்தி.

"ஏற்கெனவே செத்ததுதானே சித்தி. நான் பேயா எழுப்பி விடப் போறேன்."

பின்பக்கத்தைக் கழற்றினாள். தூசு, ஒரு செத்த கரப்பான், காணாமல் போன காஜா ஊசி ஒன்று. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள். இருந்தது. இல்லாத செட்டாக இருந்தால் கிட்டார் கம்பியே கரன்ட் கம்பி ஆகி ஆளைத் தூக்கி அடித்திருக்கும். அப்படியே மூடி மேலே வைத்திருப்பாள். பிளக்கைப் பிடுங்கி வைத்த பிறகும் உள்ளே மின்சாரம் பதுங்கியிருக்கும் என்பதால் கெபாசிட்டர்களை முதலில் வடிய விட்டாள். காய்ந்துபோனவற்றை மாற்றினாள். பழைய வயரை எறிந்துவிட்டு எர்த்தோடு மூன்று பின் வயர் போட்டாள். ஸ்டேஷன் பிடிக்க இருந்த வால்வுகளில் ஒன்றை வேலை மாற்றி, கிட்டாரின் பூஞ்சைச் சத்தத்தைத் தூக்கிவிடும் இடத்தில் உட்கார வைத்தாள். லேபில் மார்க்குக்காகச் செய்ததெல்லாம் கைக்குள் இன்னும் இருந்தது. சால்டரிங் அயர்ன் புகையை மோந்ததும் அவளுக்குத் தன் மேலேயே பழைய மரியாதை திரும்பி வந்தது.

ஸ்விட்சைப் போட்டாள். வால்வுகள் மெல்லச் சிவந்தன. கம்பியைத் தட்டினாள். சத்தம் வந்தது. சுத்தமாக, இனிமையாக, தேவாங்கு மாதிரி பரம சாதுவாக.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் அம்மா. "தூக்கம் வருது."

டிகிரிக்கு அழுகை முட்டியது. இந்தச் சத்தம் டிரம்ஸுக்கு முன்னால் நிற்காது. ஸ்பீக்கர் திருகாணிகளையாவது இறுக்கிப் பார்க்கலாம் என்று பின்பக்கமாகத் திருப்புளியைக் கொண்டுபோனாள். ஸ்பீக்கர் காந்தம் அதை வெடுக்கென்று இழுத்தது, கை வழுக்கியது, நுனி காகிதக் கூம்பைக் குத்தி ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது.

வாயில் வந்த வார்த்தைகளுக்கு சித்தியே மெஷினை நிறுத்திவிட்டாள். டிகிரி ஆத்திரத்தில் கிட்டாரை எடுத்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

ரேடியோ உறுமியது.

நாய் எலும்பை விடாமல் உறுமுமே, அந்த மாதிரி. மேஜை மேலிருந்த பட்டன் டப்பா குலுங்கியது. அவள் இன்னொரு தட்டு, இன்னொரு தட்டு. "பார்ட்ஸ் வராது" வரியை அதில் வாசித்தபோது, அந்தப் பாட்டுக்கு இதுதான் குரல் என்று தெரிந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து பைத்தியம் மாதிரி சிரித்தாள்.

"முத்திருச்சு," என்றாள் சித்தி அம்மாவிடம்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. கிளம்பும்போது ஸ்பீக்கர் பொருத்திய முன்பலகையை மட்டும் வயரைக் கழற்றித் தனியாக எடுத்துக் கடையில் வைத்தாள். "சித்தி, இதுல முன்பக்கத் துணி நைஞ்சு போச்சு. புதுசா ஒண்ணு இழுத்துக் கட்டி வை. மேடைக்குப் போகுது, கொஞ்சம் பளிச்சுன்னு."

அதோடு நிறுத்திக்கொண்டாள். அங்கேதான் தப்பு. கிழிசலைத் தொடாதே என்று சொல்லவில்லை. இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள், அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மதியம் வந்தபோது முன்பலகை கறுப்புக் கோட்டுத் துணி போட்டு மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பெருமையாகத் திருப்பிப் பார்த்தவளுக்குச் சப்த நாடியும் அடங்கிப்போனது. கிழிசலைக் காணோம். முடி மாதிரி மெல்லிய நூலில், இடைவெளி தெரியாமல், நெருக்க நெருக்கமாக இழையோட்டியிருந்தது. தடவிப் பார்த்தால்கூடத் தட்டுப்படவில்லை.

"இதை யாரு தைச்சது?"

"நான்தான்," என்றாள் அம்மா. முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "காகிதம்ல, ஊசி போட்டா பிளந்துக்குது. மூணு ஊசி மாத்திட்டேன். யாராவது கண்டுபிடிக்க முடியுமா சொல்லு?"

"யாரைக் கேட்டுத் தைச்ச?"

"கிழிஞ்சதைத் தைக்க யாரைடி கேக்கணும்?"

"எதையாவது இருக்கிற மாதிரி விடத் தெரியுமா உங்களுக்கு? எல்லாத்தையும் இழுத்துப் பிடிச்சு ஒட்டுப் போட்டு, வெளிய தெரியாம மறைச்சு... என்னையும் அப்படித்தானே வளர்த்தீங்க! சிரிச்சுக்கிட்டே பேசு, பல்லைக் காட்டு, இல்லன்னா வேலை போயிடும்!"

இரண்டு மெஷினும் நின்றன. பேன்ட் வாங்க வந்திருந்த ஓர் ஆள், செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று தானாகவே சொல்லிவிட்டுப் போனார்.

"கத்தி முடிச்சிட்டியா?" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "இப்ப என்ன கெட்டுப்போச்சுன்னு சொல்லு. எனக்குப் புரியற மாதிரி."

டிகிரி வயரை மாட்டினாள், தட்டினாள். மறுபடியும் அந்தச் சாதுச் சத்தம். "நேத்து உறுமுச்சுல்ல? அந்தக் கிழிசல்தான் உறுமுச்சு. அதுதான் வேணும். அது இல்லன்னா அவன் பாட்டுக்குப் பின்னால நின்னு தட்டணும். வாழ்க்கை பூரா."

மூலையில் கிடந்த பிளேடை எடுத்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பிளேடு போட்டா, கிழிசல் மேடையிலேயே கடைசி வரைக்கும் ஓடிரும். அப்புறம் உறுமாது, தும்மும். உக்காரு. வாசி."

"என்ன?"

"ட்ரையல் பாக்கணும்ல? இடுப்பு எவ்வளவு லூசு வேணும்னு போட்டுப் பாக்காம எனக்கெப்படித் தெரியும்? வாசிடி." அம்மா தையல் பிரிக்கும் முள்ளைக் கையில் எடுத்தாள். "ஷாக் அடிக்குமா?"

"ஸ்பீக்கர் பக்கம் பயமில்ல. பெட்டிக்குள்ள மட்டும் விரல் போகக்கூடாது. போச்சுன்னா... எனக்கு இருக்கிறதே ஒரு அம்மாதான்."

"ஆமா, உனக்கு ரெண்டு வேற வேணுமா?"

அம்மா ஒரு தையலைப் பிரித்தாள். டிகிரி தட்டினாள்.

"இப்ப?"

"இன்னும் டைட்டா இருக்கு."

இன்னும் இரண்டு. "இப்ப?"

"லேசா கரகரங்குது. இன்னும்."

சித்திக்கு அதுவரை இருந்த பயமெல்லாம் போய் உற்சாகம் வந்துவிட்டது. "அந்த ஓரத்துல பிரி, அக்கா! அங்கதான் துடிக்குது பாரு!" விரலால் காட்டினாள். நிஜமாகவே அங்கேதான் துடித்தது. அம்மா பிரித்தாள். ரேடியோ தொண்டையைக் கனைத்தது. இன்னொன்று. உறுமியது. பேராசையில் டிகிரி, "இன்னும் ஒண்ணு" என்றாள். அம்மா பிரித்தாள். நேற்றைவிட மோசமாக, நேற்றைவிட அழகாக, ஒரு லாரி கியர் மாற்றுகிற மாதிரி வந்தது.

"நிறுத்து! இதுதான்! இதைத் தொடாதே!"

"தொடாம இருந்தா ராத்திரி தாங்காது," என்ற அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். "சட்டையில பட்டனுக்கு ஓட்டை போடுறோம். அது கிழிஞ்சுக்கிட்டேவா போகுது? காஜா எடுத்துட்டா திறந்த வாய் திறந்தபடி நிக்கும். ரெண்டு முனையிலயும் கட்டிவிடறேன். நடுவுல உன் இஷ்டத்துக்கு உறுமட்டும்."

ரேடியோவிலிருந்து எடுத்த அந்தத் தொலைந்துபோன ஊசியிலேயே நூல் கோத்தாள். டிகிரி மூச்சை அடக்கிக்கொண்டு பலகையைப் பிடித்திருந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள்.

"ஆடாம பிடி," என்றாள் அம்மா.

ஹாலில் ஆம்ப்காரன் பெட்டியைப் பார்த்துவிட்டு, "செய்தி வாசிக்கப் போறியா?" என்றான். அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் அவள் ஒரு தட்டுத் தட்டினாள். கடைசி வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். டிரம்மர் தோழி வேண்டுமென்றே முழுப் பலத்தோடு அடித்துப் பார்த்தாள். ரேடியோ அதன் மேல் ஏறி நின்று கத்தியது. தோழி குச்சியைத் தூக்கிச் சாட்சி சொன்னாள்.

"சத்தியம் பண்ணியிருக்க," என்றாள் டிகிரி. "பின்னால போய் நின்னு தட்டு."

அவன் போனான். வாக்கு மாறவில்லை, அந்த மட்டுக்கும் நல்லவன்.

பார்ட்ஸ் வராது என்று அவள் பாடத் தொடங்கியதும் முதலில் சிரிப்பு எழுந்தது. இரண்டாவது தடவை வந்தபோது, வீட்டில் ஓடாத மிக்சி வைத்திருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். அப்படி ஒன்று இல்லாத வீடு எது? சர்வீஸ் சென்டர் சிரிப்பு அவள் முகத்தில் துளியும் இல்லை. கிழிசல் கடைசிவரை நின்றது. ஒரு நூல் அளவுகூட ஓடவில்லை.

முடிந்ததும் ஆம்ப்காரன் தன் ஆம்ப்பைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு, கிழிசலின் கதையை டிகிரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஹால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களிடம் தயங்கித் தயங்கிப் போனான்.

"ஆன்ட்டி, என்னோடதையும் இந்த மாதிரி கொஞ்சம் கிழிச்சுத் தருவீங்களா?"

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா அவனை மேலும் கீழும், அளவு எடுக்கிற கண்ணால் பார்த்தாள்.

"கடையில விட்டுட்டுப் போ."

"எப்ப கிடைக்கும்?"

"செவ்வாய்க்கிழமை," என்றாள் அம்மா.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த டிகிரி, "பாட்டு எப்படிம்மா?" என்றாள்.

"சொன்னதையே சொல்லிட்டிருக்க," என்றாள் அம்மா, பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தபடி. "ஆனா கடைசி ஆள் வரைக்கும் கேட்டுச்சு."