பன்றிகளை ரயிலேற்றிய சிவப்பு லக்

கல்வராயன் மலையிலிருந்த காட்டுப்பன்றிகளை ஒன்று விடாமல் கீழே இறக்கி, சின்னசேலம் ஸ்டேஷனில் சேலம் வண்டிக்கு வரிசையில் நிற்க வைத்தவன் நான். துப்பாக்கி கிடையாது, வெடி கிடையாது, வேலி கிடையாது. எல்லாம் ஒரு சிவப்பு லக் செய்த வேலை. லக் என்றால் வேறொன்றுமில்லை, வயர் முனையில் மாட்டி அழுத்துகிற உலோகத் தொப்பி. வேர்க்கடலைப் பருப்பு அளவுதான் இருக்கும்.

இதைச் சொன்னால் கள்ளக்குறிச்சியில் எல்லாரும் "அப்படிங்களா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு டீயைக் குடிக்கத் தொடங்குவார்கள். ஒருவர் மட்டும் கடைக்குள்ளிருந்து வெளியே வந்து சிரித்தார். கச்சிராயபாளையம் ரோட்டில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் காஜா மைதீன் பாய்.

பாயின் கொள்கை எளிமையானது. இரண்டு வயரா? முறுக்கு, டேப்பைச் சுற்று, போய்க்கொண்டே இரு. ஊரில் பாதி மோட்டார் அவர் முறுக்கிய முறுக்கில்தான் ஓடுகிறது. மீதிப் பாதி அதே முறுக்கினால் நின்றுபோய், மறுபடியும் அவரையே தேடி வருகிறது. வியாபாரம் என்றால் அதுதான்.

நான் தாலுகா ஆபீசில் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். மலை ஜனங்கள் என்னை 'தாசில்தார் சார்' என்பார்கள். அவர்கள் மனம் புண்படக் கூடாதே என்று நான் திருத்துவதில்லை. என்னோடு ஓய்வு பெற்றவர்களில் சிலர் கோயிலுக்குப் போனார்கள், சிலர் சர்க்கரை வியாதிக்குப் போனார்கள். நான் எலெக்ட்ரானிக்ஸுக்குப் போனேன். பால் பொங்கினால் மணியடிக்கும் பெட்டி செய்தேன். கொசு வந்தால் விளக்கெரியும் பெட்டி செய்தேன். விளக்கைப் பார்த்து மேலும் கொசு வந்தது, பெட்டி நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

இந்த வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய செல்வம் லக் அமுக்குகிற இடுக்கி. அதன் வாயில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மூன்று குழிகள். மெல்லிய வயருக்குச் சிவப்புத் தொப்பி, நடுத்தர வயருக்கு நீலம், தடித்த வயருக்கு மஞ்சள். தொப்பியை அதன் நிறக் குழியில் வைத்து அமுக்க ஆரம்பித்தால், முழுசாக அமுக்கி முடிக்கும்வரை இடுக்கி வாயைத் திறக்காது. பாதியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போக முடியாது. எடுத்த வேலையை முடிக்காமல் விடாத ஒன்றை என் சர்வீஸ் முழுவதும் பார்த்ததில்லை என்பதால், அதை எடுக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கத் தோன்றும்.

அப்படியிருக்கையில் வெள்ளிமலைக்கு மேலே மரவள்ளி போட்டிருந்த ஜெயம்மாள், பாயின் கடைக்கு வந்து, இருப்பதிலேயே சத்தமான ஹாரன் எது என்று கேட்டாள். நானும் அங்கே இருந்தேன். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும், கிழங்கு முற்றுகிற சமயத்தில் பன்றிகள் வந்து கொல்லையைத் தோண்டிவிட்டன. இந்த முறையும் போனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போக வேண்டியதுதான், ஆள் ஏற்றுகிற ஜீப் மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வரும் என்றாள். அழவில்லை. ஹாரனைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தபடியே சொன்னாள்.

வெறும் சத்தம் பன்றிக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும் என்று நான் விளக்கினேன். சத்தம் போதாது, அச்சம் வேண்டும். புலி உறுமலைப் போடலாமா என்று யோசித்தேன். அந்த மலைப் பன்றிகள் புலியைப் பார்த்ததே இல்லை, யாரோ ஏப்பம் விடுகிறார் என்று நினைத்துக்கொள்ளும். கடைசியில் இந்த வட்டாரத்து ஜீவராசிகள் எல்லாம் நடுங்குகிற ஒரு குரலைப் பதிவு செய்தேன். என் குரல்தான். ஆபீஸ் மேசைக்குப் பின்னாலிருந்து பேசின அதே குரல்: "ஜெராக்ஸ் எங்க? கையெழுத்து எங்க? நாளைக்கு வா."

அசைவைப் பார்க்கும் ஒரு கண், ஒரு பழைய லாரி பேட்டரி, ஒரு குழாய் ஸ்பீக்கர். பெட்டி தயார். ஜெயம்மாளின் தம்பி கொளஞ்சியப்பன் வந்து எடுத்துப் போனான். ஸ்பீக்கர் வயர் மெல்லியது, பாய் கடையில் சிவப்பு லக் வாங்கி மாட்டு என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

கொளஞ்சியப்பன் கட்சிக்காரன். அவனோடு வாய்க்கால் தகராறு வைத்திருக்கும் பங்காளியின் கட்சிக்கொடி சிவப்பு. அக்கா கொல்லையில் அந்த நிறம் ஏறுவதா என்று மஞ்சள் லக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டான். பாயும் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டார். தடித்த வயருக்கான தொப்பிக்குள் மெல்லிய வயர், அப்பா சட்டைக்குள் பிள்ளை நிற்பதுபோல் நின்றது. இடுக்கியும் இல்லையே, என்ன செய்தான்? பாக்குவெட்டியால் அமுக்கினான்.

பொழுது சாய்ந்தது, பன்றிகள் வந்தன. கண் பார்த்தது. பெட்டி "ஜெரா..." என்று வாயெடுத்தது. அந்த அதிர்விலேயே வயர் கழன்று விழுந்தது. 'ஜெரா'வுக்கெல்லாம் பயப்படுகிற இனமா அது? ஓரத்து வரிசைகளைச் சாவகாசமாகத் தின்றுவிட்டுப் போயின.

செய்தி கீழே வந்ததும் பாய்க்கு ஏக சந்தோஷம். "நான் இன்னா சொன்னேன்? முறுக்கி டேப்பு சுத்தியிருந்தா இந்நேரம் பன்னி பாண்டிச்சேரில இருந்திருக்கும்."

ஜெயம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்ட ஆரம்பித்துவிட்டாள் என்றும் செய்தி சொன்னது. மறுநாள் ஜீப் வருகிற வெள்ளிக்கிழமை. விடிந்ததும் நான் இடுக்கியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். திரும்பிப் பார்த்தால் பின் சீட்டில் பாய், சட்டைப் பை இரண்டிலும் டேப் உருளைகள் புடைக்க உட்கார்ந்திருக்கிறார். சும்மா காற்று வாங்க வந்தாராம்.

கொல்லையில் நான் சிவப்பு லக்கை வெளியே எடுத்ததும் கொளஞ்சியப்பன் பெட்டிக்கு முன்னால் கையை விரித்து நின்றான். அந்த நிறம் ஏறினால் கட்சியில் தலை காட்ட முடியாது என்றான். ஜெயம்மாள் கட்டின சாக்கைக் கீழே வைத்தாள்.

"கொடிய நீ கட்டிக்கடா. எனுக்குக் கெழங்கு வேணும். சாரு, நீங்க செவப்பயே போடுங்க."

நான் வயர் தோலைச் சீவினேன், உள்ளே ஒரு இழைகூட அறாமல். தொப்பிக்குள் நுழைத்தபோது செம்பு நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. சிவப்புக் குழியில் வைத்து அமுக்கினேன். டக். அந்தச் சத்தம் எலவனாசூர்கோட்டை வரை கேட்டதாகப் பின்னால் சொன்னார்கள்.

இழுத்துப் பார்க்காத லக், அளக்காத நிலம் மாதிரி. ஜெயம்மாள் இழுத்தாள், வரவில்லை. கொளஞ்சியப்பன் பங்காளியை நினைத்துக்கொண்டு இழுத்தான், வரவில்லை. பாய் பெட்டியை ஒரு காலால் மிதித்துக்கொண்டு இழுத்து, மரவள்ளிக்குள் மல்லாந்து விழுந்தார். டேப் உருளைகள் சரிவில் உருண்டு போயின. லக் அசையவில்லை. பஸ்ஸைக் கட்டி இழுக்கலாம் என்றுதான் சொன்னேன், டிரைவர் ஒத்துக்கொள்ளவில்லை. பஸ் தப்பித்தது.

சாயங்காலம் கடுக்காய் மரங்களுக்குப் பின்னாலிருந்து பன்றிகள் இறங்கின. முன்னால் கோரைப்பல் நீண்ட ஒரு பெரிய ஆண் பன்றி, கொம்பன்.

"ஜெராக்ஸ் எங்க?" என்றது பெட்டி.

கொம்பன் நின்றது. கையெழுத்தைக் கேட்டதும் குட்டிகள் தாயைப் பார்த்தன. "நாளைக்கு வா" என்றதும் மொத்தக் கூட்டமும் திரும்பி நடந்தது. ஓடக்கூட இல்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தது.

கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்து ஹாரன் அடித்தது. ஜெயம்மாள் வரப்பில் நின்றபடியே, என் குரலையே எடுத்து டிரைவருக்குச் சொன்னாள்: "நாளைக்கு வா."

பன்றிகள் சொன்ன சொல் தவறாதவை. மறுநாளும் வந்தன, அதற்கு மறுநாளும் வந்தன. ஒவ்வொரு முறையும் அதே பதில். கடைசியில் கொம்பனின் முகத்தில் எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு பாவம் தெரிந்ததாக ஜெயம்மாள் சொல்லி அனுப்பினாள். இந்த ஊரில் நம் வேலை நடக்காது என்று முடிவு கட்டிய மனுதாரரின் முகம் அது. அதற்குப் பிறகு மலையில் பன்றி இல்லை. ஜெயம்மாள் தொடை பருமனுக்குக் கிழங்கு பிடுங்கினாள். வீட்டுப் பூட்டு இன்றைக்கும் ஆணியில் துருப்பிடித்துத் தொங்குகிறது.

கூட்டம் போன வழியை விசாரித்தேன். தோண்டின மண், குளம்புத் தடம் எல்லாம் சின்னசேலம் பக்கம் போயிருந்தன. மீதியை என் அறிவு சொன்னது. பாய் ஒப்புக்கொள்ளவில்லை. "லக்கு புடிச்சிது, அத்த ஒத்துக்கறேன். நானே உயுந்தேன். ஆனா ரயிலு கியிலுன்னு ஜாஸ்தியா அளக்காதீங்க சார்" என்றார்.

அடுத்த வாரம் சேலத்திலிருந்து வரும் மகள் ஷாஜாதியை அழைத்துவர பாய் சின்னசேலம் ஸ்டேஷனுக்குப் போனார். திரும்பியவர் கடையைத் திறக்கவில்லை. நேராக என் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல், சிவப்பு லக் ஒரு டப்பா மொத்தமாக எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். அப்புறம் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பெருசு முன்னால நிக்குது சார். குட்டிங்கல்லாம் பின்னால. தள்ளல, முந்தல. மைக்குல யாரோ பேச ஆரம்பிச்சாங்க பாருங்க, அத்தினியும் தலையத் தொங்கப் போட்டுக்கினு கேக்குது."

"வண்டி ஏறிச்சா பாய்?"

பாய் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தார்.

"கடேசிப் பொட்டில. ஷாஜாதியக் கேட்டாலும் சொல்லும். நான் சொன்னேன்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க, என்னியும் உங்க கணக்குல சேத்துடுவானுங்க. ஆனா நடந்துது சார். நீங்க சொன்னது அப்டியே நடந்துது."