முறிவின் கருத்த ஓரம்

பன்னிரண்டு டன் தாங்க வேண்டிய உருக்குக் கம்பி ஏழாவது டன்னிலேயே படாரென்று போய்விட்டது. சோதனைக்கூடத்தில் நின்றவர்களில் மேலாளர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நாலு வருஷம், பதினெட்டு கலவை. போதும்பா, மூட்டை கட்டிடுவோம்."

உலைக்காரர் தலையாட்டினார். "கலவையில வனேடியம்கிற உலோகத்தைக் கூட்டிட்டேன் போல. தப்பு என்னோடதுதான் சார்."

கம்பியை இழுத்துச் சோதிக்கும் இயந்திரத்தை இயக்கியவள் உலைக்காரரின் மனைவி. அவர் பொத்திப் பொத்திச் செய்து அனுப்புவார், இவள் இழுத்து உடைப்பாள். பதினோரு வருடக் குடித்தனம் இப்படித்தான். 'உடைப்புக்காரி' என்றே அவளுக்குப் பெயர். வீட்டில் பாத்திரமெல்லாம் மிச்சமிருக்கிறதா என்று அவளைக் கேட்காத ஆளில்லை.

எல்லோரும் போனதும் உடைந்த துண்டை விளக்கடியில் பிடித்தாள். முறிந்த முகம் பளிச்சென்ற சாம்பல் நிறம். ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவு கருப்பு. இன்றைக்கு விழுந்த விரிசல் கருக்காது. கருத்திருக்கிறதென்றால், இரண்டாவது உலையின் சூட்டுக்குள் போகும்போதே விரிசல் இருந்திருக்கிறது.

செக்கச் சிவந்த கம்பியை எண்ணெயில் முக்கினால் கெட்டிப்படும். கண்ணாடி மாதிரி நொறுங்கும் குணமும் கூடவே வந்துவிடும். எடுத்த கையோடு இரண்டாவது உலையில் மிதமான சூட்டில் வைத்தால்தான் அந்தக் குணம் அடங்கும்; தாமதித்தால் தானாகவே விரிசல் விடும். பதிவேட்டைப் புரட்டினாள். எண்ணெயில் முக்கியது 12.40. இரண்டாவது உலையில் வைத்தது 1.30. அவர் கையெழுத்தேதான்; ஒளிக்கத் தெரியாத மனுஷன். பழைய கலவைகள் அந்த ஐம்பது நிமிடத்தைப் பொறுத்துக்கொண்டிருந்தன, இது பொறுக்கவில்லை.

அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? கேன்டீனில், அவளுக்கு எதிரில். "சாப்பாடு ஆறிப் போகுது, வரீங்களா இல்லையா?" என்று மூன்று தடவை போன் போட்டவள் அவள்தான்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பிறகு அறிக்கை எழுதினாள்: 'கலவையில் குறையில்லை. இரண்டாவது உலைக்குப் போக ஐம்பது நிமிடம் தாமதம். காரணம், சோதனையாளர் உலைக்காரரைச் சாப்பிடக் கூப்பிட்டது.'

மேலாளர் இரண்டு தடவை படித்தார். "ஏம்மா, இதை நான் மேலே எப்படி அனுப்புறது?"

"அப்படியே அனுப்புங்க சார்."

"இன்னும் ஒரே ஒரு கம்பி. அதுக்கு மேல ரெண்டு பேரும் என்கிட்ட வரக்கூடாது."

வீடு திரும்பும்போது பஸ்ஸில் கணவர் சொன்னார்: "கூப்பிட்டது நீ. எழுந்து வந்தது நான்தானே."

அடுத்த வாரம் அதே கலவை. அவள் போனை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். அவர் உலையை விட்டு நகரவே இல்லை.

நாலரை மணிக்குக் கம்பி வந்தது. ஏழு டன் தாண்டியது. பத்து. பன்னிரண்டிலும் அசையவில்லை. பன்னிரண்டே முக்காலில்தான் உடைந்தது. மேலாளர் கைதட்டினார்.

உலைக்காரர் டன் கணக்கைப் பார்க்கவில்லை. அவள் துண்டை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கருப்பு இருக்கா?"

"ஒரு பொட்டுகூட இல்லைங்க."

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பசி உயிர் போகுது. இப்பவாவது கூப்பிடேன்."