பெண்ணின் தந்தை பெயர்

கோயிலின் பங்கு அலுவலகத்தைப் பன்னிரண்டு மணிக்குச் சாத்திவிடுவார்கள். பதினொன்றரை ஆகியும் ஆசீரும் அவன் அம்மாவும் வரவில்லை. ஜென்சி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று பெயர் கொடுத்தால்தான் நாளை முதல் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்து, கல்யாணம் வைக்காத தவக்காலத்துக்கு முன்பு தாலி கட்ட முடியும்.

நாற்காலிகள் காலியாக இருந்தும் அவள் அப்பா அற்புதசாமி படியில்தான் உட்கார்ந்திருந்தார். காலையில் ஸ்ரீரங்கத்தில் சாக்கடை அடைப்பு எடுத்துவிட்டு, இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்து வந்திருந்தார். நகக்கண்ணில் மட்டும் கறுப்பு போகவில்லை. அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் டோரதி ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து அவர் பக்கத்தில் போட்டாள்.

"மேல உக்காருங்கண்ணே. பொண்ணைப் பெத்தவரு, கொஞ்சம் கெத்தா இருக்க வேணாமா?"

அவர் சிரித்துக்கொண்டே நுனியில் உட்கார்ந்தார்.

ஜென்சிக்கும் ஆசீருக்கும் துவாக்குடியில் ஒரே கம்பெனியில் வேலை. "எங்க வசதிக்கு ஏத்த பொண்ணு பார்த்தா ஆட்டி வைக்கும். நீ சொன்னபடி கேட்டுக்குவ" என்பான். "உன்னைப் பார்த்தா எந்த வீட்டுப் பொண்ணுன்னு யாரும் கண்டுபிடிக்க முடியாது" என்று அவன் சொன்ன அன்று, அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு பஸ்ஸில் சிரித்தபடியே வீடு வந்தாள்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது காரில் வந்து இறங்கினார்கள். ஆசீரின் அம்மா பெலிண்டா டீச்சர் நேரே மேசைக்குப் போய் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தார்.

"டோரதி, எங்க தெருச் சாக்கடையை இவருதான் வந்து வாருறாரு. சின்னப் புள்ளைங்ககூடப் பேர் சொல்லித்தான் கூப்பிடுது. எங்க பங்குலயும் ஓலை வாசிப்பாங்க, மொத்தக் கோயிலும் திரும்பிப் பார்க்கும். பேருக்கு முன்னால 'மறைந்த'ன்னு ஒரு வார்த்தை போட்டுரு. வேற யாரோன்னு நினைச்சுக்குவாங்க."

"மனுசன் இங்கதான உக்காந்திருக்காரு, டீச்சர்? பொண்ணைப் பீடத்துக்கு யாரு கூட்டிட்டுப் போறது?"

"எங்க அண்ணன் கூட்டிட்டுப் போவாரு. இஷ்டமில்லன்னா ஈஸ்டருக்கு அப்புறம் பேசிக்கலாம்."

ஈஸ்டருக்கு அப்புறம் பேச்சே இருக்காது என்பது ஜென்சிக்குத் தெரியும். ஆசீரைப் பார்த்தாள். அவன் கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"வாசிக்கிறது ரெண்டு நிமிஷம், ஜென்சி. அதுக்குப் போயி..."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். மாதாவே என்று மட்டும் உள்ளுக்குள் வந்தது.

"உயிரோட இருக்கற மனுசனை நான் அப்படி எழுத மாட்டேன்" என்று டோரதி பேனாவை மூடி வைத்தாள். உள்ளே போய்த் தன் டம்ளரில் டீ ஊற்றி வந்து, அற்புதசாமியின் கையில் கொடுத்தாள்.

அவர் பாதி குடித்துவிட்டு எழுந்து வந்தார்.

"நீங்க எழுத வேணாம்மா, உங்களுக்கு எதுக்குப் பாவம். பேனாவைக் குடுங்க."

"வேணாம்ப்பா" என்றாள் ஜென்சி. அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

விரலில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார். பெண்ணின் தந்தை பெயர் என்று அச்சடித்திருந்த வரியை நகத்தால் தடவிக் கண்டுபிடித்தார். முன்னால் அந்த ஒரு சொல்லை எழுதும் அளவுக்கு இடத்தைக் காலியாக விட்டு, எழுத்துக் கூட்டி, அடித்தல் இல்லாமல், அற்புதசாமி என்று எழுதினார்.