நோ எண்டு சொன்னவர்

அண்டைக்கு எங்கடை ஆஸ்பத்திரி அவசரப் பிரிவிலை டொக்டர் ஒராள், நேர்ஸ்மார் நாங்கள் ரெண்டு பேர், கட்டிலுக்கு ரெண்டு நோயாளி. "கதவைப் பூட்டிப்போட்டு நாங்களும் வீட்டை போவம்" எண்டு நான் பேசிக்கொண்டுதான் நிண்டனான். ஆர் கேட்கினம்?

பஸ் அடிபட்டுக் காயக்காரரைக் கொண்டுவந்து இறக்கின நேரம்தான் குருநகர் இன்னாசித்தம்பி அண்ணையும் வந்தவர். கடலுக்குப் போற மனிசன், வேர்த்து ஒழுகிக்கொண்டு. பெண்சாதி லூர்த்தம்மா பேர் பதிஞ்சு துண்டு எடுக்க வரிசையிலை. நிவேதனா டொக்டர் அவரிட்டை அவசரமாய் ஏதோ கேட்டு, மர வாங்கிலை இருத்திப்போட்டுக் காயக்காரரிட்டை ஓடினவ. திரும்பி வரேக்கை மனிசன் வாங்கிலையே சரிஞ்சு கிடந்தார். நெஞ்சை அமத்தி அமத்திப் பாத்தம். ஹார்ட் அற்றாக். போயிட்டார்.

லூர்த்தம்மா வாசலிலை நிண்டு தலையிலை அடிச்சுக் குழறினவ.

"நான்தான் கொண்டுபோட்டன்! விடிய எழும்பினதிலை இருந்து நோ, நோ எண்டு முனகினவர். வாய்வாக்கும் எண்டு சோடா குடுத்து வீட்டிலை வைச்சிருந்தனே, பாவி!"

நிவேதனா டொக்டர் கையுறையைக் கழட்டினபடி என்னட்டைத் திரும்பினா.

"மிசி, நோன்னா என்ன?"

எனக்கு எரிச்சல். "நோதான். வலி. உதுவும் தெரியாதே?"

அவவின்ரை முகம் செத்துப்போச்சு. கொழும்பிலை பிறந்து இங்கிலிசிலை படிச்ச பிள்ளை.

"நெஞ்சில பெயின் இருக்கான்னு கேட்டேன், மிசி. நோ, நோன்னு சொன்னார். இல்லைங்கிறார்னு நினைச்சிட்டேன்."

ஐயோ கடவுளே! நான் அவவை மருந்தறைக்குள்ளை இழுத்தன்.

"வாயைத் திறவாதேங்கோ. ஒரு டொக்டர் எத்தினை பேரைப் பாக்கிறது? ஆக்களைத் தராமல் ஆஸ்பத்திரி நடத்திறவை வந்து பதில் சொல்லட்டும். உதைச் சொன்னால் சனம் உங்களைக் கிழிச்சுப்போடும்."

"அந்த அம்மா தன்னைத்தானே அடிக்கிறாங்க, மிசி. அது எனக்கு விழவேண்டிய அடி."

சொன்னால் கேட்டால்தானே! போய் லூர்த்தம்மாவுக்கு முன்னாலை நிண்டு, ஒண்டும் மறைக்காமல் எல்லாத்தையும் சொன்னவ. அடி விழப்போகுது எண்டு நான் இடையிலை போனன்.

லூர்த்தம்மா தலையிலை அடிச்ச கையை இறக்கினா.

"அப்ப நானில்லையோ?"

"நீங்க இல்லை, அம்மா. நீங்க உயிரோடதான் கொண்டுவந்தீங்க."

"சோடா குடுத்ததாலை இல்லையோ, பிள்ளை?"

"இல்லை."

மனிசி மன்னிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. எங்கள் ரெண்டு பேரையும் விலத்திக்கொண்டு நேரை உள்ளுக்குப் போனவ. அதுவரைக்கும் அந்தாளின்ரை முகத்தைப் பாக்கப் பயந்து வாசலிலையே நிண்டவ. புருசன்ரை நெஞ்சிலை முகத்தை வைச்சு, அப்பதான் அவருக்காக அழத் தொடங்கினா.